கண்ணை மூடிக் கேட்டவன்

லியோந்தின் வெர்பேக்கின் வலது கை மோதிர விரல் செத்துப்போனது 1942 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அவளைத் தவிர அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரும் ஜெர்மானியர்கள்.

அன்று வீட்டுக்கு வந்த அதிகாரி மகா மரியாதைக்காரன். கால்மிதியில் பூட்ஸைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். இசையில் டாக்டர் பட்டம் வாங்கியவனாம். அவள் கச்சேரிகளில் வாசிக்கும் ஹார்ப்ஸிகார்டை, பியானோவுக்கு முந்தின காலத்துத் தந்தி வாத்தியத்தை, சுற்றிச் சுற்றி வந்தான். மூடியில் வரைந்திருந்த பூக்களையும் வண்டுகளையும் பார்த்து உண்மையாகவே உருகினான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெல்ஜியத்தில் இதே ஆண்ட்வெர்ப்பில், நாலு தெரு தள்ளிச் செய்த பெட்டி அது.

"இங்கே குளிரு, ஈரம், நாளைக்கே குண்டு விழுந்தாலும் விழும்," என்றான். "எங்க ஊர்ல இதைக் கைக்குழந்தை மாதிரி பாத்துப்போம், மேடம். நீங்க கவலையே படாதீங்க."

"இது என்னோடது," என்றாள் லியோந்தின்.

"தெரியுமே. அதனாலதான் உங்ககிட்ட சொல்லிட்டு எடுக்கிறோம்."

கூட வந்த இரண்டு சிப்பாய்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள். லியோந்தின் ஓடிப்போய் உள்ளே கையை விட்டுக் குறுக்குச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்வதாக நினைத்தாளோ, அவளுக்கே தெரியாது. கையை எடுங்கள் என்று அதிகாரி ஒரு தடவை சொன்னான். இன்னொரு தடவையும் சொன்னான். பிறகு மூடியை அவள் கைமேல் இறக்கி, முழங்கையை ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் அதில் போட்டான். அது போதவில்லை. தூக்கி மறுபடியும் போட்டான். எலும்பு நொறுங்கிய சத்தத்தைப் பெட்டி வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. நல்ல பெட்டி என்றால் அப்படித்தான், எதைக் கொடுத்தாலும் பாடிவிடும்.

அவள் கையை விட்டாள். அதிகாரி தன் கைக்குட்டையை உருவிக் குனிந்து, ரத்தம் ஒழுகிய விரலை அவனே கட்டிவிட்டான். எதிர்வீட்டுப் பால்கடை மெலனி தன் ஜன்னல் வழியாகப் பார்த்தது இதை மட்டும்தான். ஜெர்மன் அதிகாரி குனிகிறான், லியோந்தினின் கையை இரண்டு கையாலும் ஏந்துகிறான். கொஞ்ச நேரத்தில் சிப்பாய்கள் பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பதவிசாகத் தூக்கிப்போகிறார்கள். வாசலில் அதிகாரி தொப்பியைத் தொட்டு வணங்குகிறான். மூடி விழுந்ததை மெலனி பார்க்கவில்லை. அந்த நேரம் கடையில் யாருக்கோ பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

லியோந்தின் டாக்டரிடம் போகவில்லை. ஆண்ட்வெர்ப் டாக்டர்கள் பாதிப் பேர் கச்சேரிக்கு வருகிறவர்கள். ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வீட்டில் ஸ்பினெட் ஒன்று மிச்சம் இருந்தது. ஹார்ப்ஸிகார்டின் தங்கச்சி மாதிரி சின்னப் பெட்டி, பழகுவதற்கு வைத்திருந்தாள். இந்த வாத்தியங்களில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய மரக்குச்சி எழும்பும். அதில் செருகியிருக்கும் இறகுமுள் தந்தியைச் சுண்டும். ஓங்கி அடித்தாலும் ஒன்றுதான், பூப்போலத் தொட்டாலும் ஒன்றுதான், சத்தம் ஏறாது, இறங்காது. ஸ்பினெட்டின் கடைக்கோடியில், வாசிப்பில் வராத இரண்டு கட்டைகளின் குச்சிகளைப் பிடுங்கி, விரலுக்கு இரண்டு பக்கமும் வைத்து, அந்த ஜெர்மன்காரன் கைக்குட்டையைக் கிழித்தே கட்டுப்போட்டாள். ஏழு வாரம் கழித்து அவிழ்த்தாள். விரல் நடுக்கணுவில் வளைந்து கொக்கி மாதிரி நின்றது. வலி போய்விட்டது, உயிரும் போய்விட்டது.

முப்பத்தொன்பது வயது அவளுக்கு. பதினாறு வயதில் பிரஸ்ஸல்ஸில் முதல் கச்சேரி. இருபத்தைந்தில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லைப்ஸிக். அவள் வாசிப்பில் எல்லோரும் பேசியது அந்தத் துடிப்பைத்தான். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை நடுவிரலாலும் மோதிர விரலாலும் மாற்றி மாற்றித் தட்டுவது. எல்லாக் கலைஞர்களும் செய்வதுதான். ஆனால் லியோந்தின் செய்தால் அது எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று யாருக்கும் பிடிபடாது. அந்த விரலைத்தான் அந்தப் புண்ணியவான் நசுக்கிவிட்டுப் போனான்.

கச்சேரி சபாக்காரர்களுக்கு அவள் ஒரே வரியில் கடிதம் எழுதினாள். ஜெர்மானியர்கள் இருக்கும்வரை மேடை ஏறமாட்டேன். படித்தவர்கள் மெய்சிலிர்த்துப்போனார்கள், என்ன நெஞ்சுரம் என்று. லியோந்தின் அந்தப் பெருமையைக் கூசாமல் வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆறு வயதுக் குழந்தை மாதிரி. மோதிர விரல் செய்த வேலையை ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் பங்குபோட்டாள். எந்த விரலும் மிச்சம் இல்லாத இடங்களில் இடது கை மின்னல் மாதிரி குறுக்கே தாண்டிவந்து ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு ஓட வேண்டும். இரண்டு குளிர்காலம் நிலக்கரி இல்லாமல், மாட்டுக்குப் போடும் கிழங்கைத் தின்றுகொண்டு, விரலில்லாத கம்பளி உறையோடு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். கண்ணால் பார்த்தால் கோமாளித்தனம். கண்ணை மூடிக் கேட்டால் பழைய லியோந்தின்.

1944 செப்டம்பர் நாலாம் தேதி ஆங்கிலேயர்களின் டாங்குகள் ஊருக்குள் வந்தன. ஐந்தாம் தேதி சபாவிலிருந்து ஆள் வந்தான். நவம்பரில், புனிதர்கள் பண்டிகையன்று, விடுதலை பெற்ற நகரத்தின் முதல் கச்சேரி அவளுடையதாம். மேடை உயரம், முதல் வரிசைகூடத் தள்ளித்தான் இருக்கும், விளக்கை மங்கலாகப் போடச் சொன்னால் விரல் யார் கண்ணிலும் படாது. சரி என்றாள். ஆள் போன பிறகு சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஏழாம் தேதி மத்தியானம் கதவை உடைத்தார்கள்.

அந்த வாரம் ஊரில் தினமும் அதுதான் நடந்தது. ஜெர்மானியர்களோடு ஒட்டியவர்கள், ஒட்டினார்கள் என்று யாரோ சொன்னவர்கள், எல்லோருடைய வீட்டுச் சாமான்களும் தெருவில் எரிந்துகொண்டிருந்தன. பெண்களை மொட்டையடித்து நெற்றியில் தார் பூசினார்கள். ஆண்களை மிருகக்காட்சிசாலையில் சிங்கக் கூண்டுகளில் அடைத்திருந்தார்கள். சிங்கம் எல்லாம் போரின் தொடக்கத்திலேயே போய்விட்டதால் கூண்டு காலி. நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஊர் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் கடித்துத் துப்பியது.

இருபது பேர் இருப்பார்கள். முன்னால் ஸ்தாஃப், துறைமுகக் கூலி, கையில் எதிர்ப்புப் படையின் வெள்ளைத் துணி கட்டியிருந்தான். அவன் தம்பியைப் போன வருஷம் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்று, மேல்சட்டையை மட்டும் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் ஸ்தாஃபை ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது. அவனுக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நின்ற மெலனியைத் தாராளமாகத் திட்டலாம். நாலு வருஷம் ஜெர்மன் மெஸ்ஸுக்கு வெண்ணெய் போட்டவள், இப்போது எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. லியோந்தினுக்குக் காதில் ரீங்காரம் கேட்டது. ரீங்காரம் எந்தச் சுரம் என்று மனசு தானாகத் தேடியது, அந்தச் சனியன் பழக்கம் அப்போதும் விடவில்லை. ஒருவன் பீங்கான் அலமாரியைக் கவிழ்த்தான். இன்னொருவன் இசைத்தாள்களை அள்ளி ஜன்னல் வழியாக வீசினான். கீழே யாரோ கைதட்டினார்கள். மெலனி அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்துப் பாதித் தலையை வெட்டியபோது கத்தரி முனை காதோரம் கீறிச் சட்டைக் காலருக்குள் ரத்தம் இறங்கியது.

"நான் என்ன செஞ்சேன்? அதையாவது சொல்லிட்டு அடிங்க!" என்று கத்தினாள் லியோந்தின்.

"கேக்குறா பாருடா," என்றான் ஸ்தாஃப். "ஜெர்மன் ரேடியோல கச்சேரி பண்ணினியாமே? கொலோன்ல போயி? இங்கே மேடை ஏறமாட்டேன்னு சபதம், அங்கே போயி அவனுங்களுக்குத் தாலாட்டு!"

"நான் இந்த ஊரை விட்டே போகலை."

"ரெண்டு வருஷமா உன்னை யாரு பாத்தா? கதவைச் சாத்திட்டு உள்ளே இருந்தியா, ஊர்ல இல்லையா, எவனுக்குத் தெரியும்?"

"அந்த ஆபீசர் இவ கையில முத்தம் குடுத்ததை நான் என் கண்ணால பாத்தேன்!" என்றாள் மெலனி. "பெட்டியைப் போர்வை சுத்தி வண்டியில ஏத்தினாங்க. பிடுங்கிட்டுப் போறவன் போர்வை சுத்துவானா?"

"பிடுங்கிட்டுத்தான் போனாங்க! அந்தப் பெட்டியை வேற எவனோ வாசிச்சிருக்கான்!"

"அது உனக்கு எப்படித் தெரியும்? சரி, உன்னோட ஆளே சொல்லட்டும்," என்றான் ஸ்தாஃப். "கமீல்! மூலையில என்ன பண்றே? முன்னால வாய்யா."

கூட்டம் விலகியது. வெளுத்துப்போய் நின்றவனை லியோந்தினுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கமீல், பதினெட்டு வருஷம் அவளுக்குச் சுருதி கூட்டியவன். பாரிஸுக்கும் லைப்ஸிக்குக்கும் அவள் பின்னாலேயே வந்து, மேடைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடைவேளையில் ஓடிவந்து தந்திகளைச் சரிசெய்தவன். ஐரோப்பாவில் மற்ற எல்லோரும் தோல் துண்டு செருகிச் சுண்டிக்கொண்டிருந்த காலத்தில், பழைய முறைப்படி காக்கை இறகைச் சீவி அவளுடைய பெட்டிக்கு முள் வைத்தவன் அவன் ஒருவன்தான். ஜெர்மன் தொழிற்சாலைக்குப் பிடித்துப்போய்விடுவார்கள் என்று 42 செப்டம்பரிலேயே கெம்பன் பக்கம் ஒரு பண்ணையில் ஒளியப் போனான். அதன்பிறகு இன்றுதான் பார்க்கிறாள்.

"நான் இப்படி ஆகும்னு நினைக்கலை, மேடம்," என்றான் கமீல். "மனசு தாங்காம சாராயக்கடையில சொன்னேன்."

"என்னன்னு சொன்னே?"

"போன குளிர்காலத்துல பன்னிக் கொட்டாய்ல ரேடியோவை வச்சுக்கிட்டு லண்டனைத் தேடினேன். கொலோன் குறுக்கே வந்துது. அந்தப் பழைய பிரெஞ்சு உருப்படி, சக்கோன், கடைசிப் பக்கத்துல நீளமா ஒரு துடிப்பு வருமே, நீங்க எப்பவும் கடைசியா வாசிப்பீங்களே. நாலு சுரம் கேட்டவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது என் இறகு. கீழ்த் தந்தி ஒண்ணு லேசா முணகும் பாருங்க, நான் மாத்தின பித்தளைத் தந்தி, அதுவும் முணகிச்சு." அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "பன்னிங்களுக்கு நடுவுல உக்காந்து அழுதேன், மேடம். ஏன்னா அவ்வளவு நல்லா வாசிச்சீங்க."

லியோந்தின் வலது கையை முஷ்டியாக மடக்கிப் பாவாடை மடிப்பில் வைத்திருந்தாள். அதைத் திறந்து காட்டினால் போதும். இந்த விரலால் துடிப்பு வாசிக்க முடியுமா, நீயே சொல் என்று கமீலின் மூக்குக்கு நேராக நீட்டினால் இந்தக் கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் கமீலுக்குத் தெரிந்தால் இந்த நாட்டில் ஒரு மேடையும் பாக்கி இருக்காது. அவன் கெட்டவன் இல்லை, ஆனால் ஓட்டைவாய். இதோ, சாராயக்கடையில் ஒரு கோப்பை உள்ளே போனதும் என்ன நடந்தது? ஐயோ பாவம், ஒன்பது விரல் என்று எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள், பூங்கொத்து அனுப்புவார்கள், கச்சேரிக்கு வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். முடி வளர்ந்துவிடும். துரோகி என்ற பேரும் ஜெர்மானியர்களின் காகிதங்களைப் புரட்டினால் என்றைக்காவது கழுவப்படும். ஒடிந்த விரலுக்கு அப்படி ஒரு வழியும் கிடையாது. நவம்பருக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.

அப்போது ஸ்தாஃப் ஸ்பினெட்டைப் பார்த்தான். மூடியைத் திறந்து முஷ்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். ஒரே நேரத்தில் ஏழெட்டுச் சுரம் எழுந்தது, கொசுக் கூட்டம் மாதிரி. இன்னும் ஓங்கிக் குத்தினான். அதே சத்தம்தான்.

"இவ்வளவுதானா இது?" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஸ்தாஃபுக்கு முகம் சிவந்தது.

"நான் வாசிக்கிறேன்," என்றாள் லியோந்தின்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அதே சக்கோனை வாசிக்கிறேன். கமீல் கேக்கட்டும். பதினெட்டு வருஷமா என்னைக் கேட்டவன். கொலோன்ல வாசிச்சது நானா, வேற ஒருத்தனான்னு அவனுக்குத் தெரியாதா? அவன் என்ன சொல்றானோ அதுதான்."

அவளுக்கு அந்த நம்பிக்கை முழுசாக இருந்தது. விரல்கள் மாறியிருக்கலாம். எந்தச் சுரத்துக்கு முன்னால் மூச்சை நிறுத்துகிறாள், எதைக் கொஞ்சம் தாமதமாக விடுகிறாள், அதெல்லாம் அவளுடையது, இன்னொருவனுக்கு வராது. அதைக் கேட்டுத்தானே கமீல் அத்தனை கச்சேரியிலும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்?

ஸ்தாஃப் தோளைக் குலுக்கினான். "சரி, வாசி. மெலனி, கத்தரியைக் கீழே போடாதே."

லியோந்தின் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். பாதித் தலை மொட்டை, காதிலிருந்து ரத்தம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முன்னால் ஜனங்கள். அடிக்க வந்த ஜனங்கள்தான், ஆனாலும் ஜனங்கள். கமீல் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டான். சுருதி பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். கண் திறந்திருந்தால் காது சோம்பேறியாகிவிடும் என்பான்.

முதல் பக்கம் தடுமாறியது. இரண்டாம் பக்கத்தில் அவளுக்கு அறை மறந்துபோனது. அடி விழுந்த கன்னமும் மறந்தது. ஆள்காட்டி விரல் தன் வேலையையும் அடுத்தவன் வேலையையும் சேர்த்துச் செய்தது. இடது கை குறுக்கே தாண்டித் தாண்டி வந்தது. துறைமுகக் கூலிகளுக்கு அதில் என்ன தெரியும், எல்லோரும் இப்படித்தான் வாசிப்பார்கள்போல என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். கடைசிப் பக்கத்தில் அந்த நீளமான துடிப்பு வந்தது. இரண்டு கையும் பின்னிப்பிணைந்து அதைப் பிடித்தன. அது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் பிடிபடவில்லை. எப்போது நின்றது என்றும்.

தெருவில் எதுவோ எரிகிற சடசடப்பு மட்டும் கேட்டது.

கமீலின் மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அவங்களேதான்," என்றான். "கடவுளே, அவங்களேதான். உலகத்துல வேற யாராலயும் இப்படி முடியாது."

லியோந்தினுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. இவனுக்கே தெரியவில்லையா, அப்படியானால் எவனுக்கும் தெரியாது, நவம்பரில் ஒருத்தனுக்கும் தெரியாது என்று நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. அதற்கு அடுத்த கணத்தில்தான் அவன் என்ன சொல்லிவிட்டான் என்பது உறைத்தது. ஸ்பினெட்டிலும் இருந்தது அவன் சீவிய காக்கை இறகு. அவன் அதைத்தான் கேட்டான். பாரிஸிலும் லைப்ஸிக்கிலும் அதைத்தான் கேட்டிருக்கிறான். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளைக் கேட்கவில்லை.

"கேட்டாச்சுல்ல," என்றான் ஸ்தாஃப். அவன் குரல் கரகரத்தது. வாசிப்பு அவனையும் எங்கோ தொட்டிருந்தது, அதற்காகவும் சேர்த்து அவனுக்கு ஆத்திரம் வந்தது. "என் தம்பி குழியில கெடக்கான். நீ அவனுங்களுக்கு இதையா வாசிச்சே? இவ்வளவு நல்லாவா?"

அவள் பாதித் தலைமயிரைப் பற்றி முகத்தை ஸ்பினெட்டின் விளிம்பில் மோதினான். மூக்கு உடைந்தது. மறுபடியும் மோதினான். இருவர் தோள்களை அழுத்திப் பிடித்தார்கள்.

"எந்தக் கை?" என்றான் ஸ்தாஃப். "எந்தக் கையால அவனுங்களுக்கு வாசிச்சே? சொல்லு, அதோட விட்டுடறேன்."

"கையை விடுங்க!" கமீல் அலறிக்கொண்டு பாய்ந்தான். "முடியை வெட்டுங்க, என்னை அடிங்க, கையை விட்டுடுங்கடா!" ஒருவன் முழங்கையால் அவன் வாயில் இடித்தான். கமீல் பல்லோடு ரத்தத்தைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

லியோந்தினுக்கு ரத்தம் கண்ணில் இறங்கியிருந்தது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. வலது கையில் ஏற்கனவே ஒன்று போய்விட்டது. இடது கை முழுசாக இருக்கிறது. முழுசானதை இந்த நாய்களுக்குக் கொடுக்கக் கூடாது.

"இதுதான்," என்று வலது கையை நீட்டினாள்.

ஸ்தாஃப் அதைக் கட்டைகளின் மேல் வைத்து, மூடிப்பலகையை அதன்மேல் தள்ளி, பூட்ஸ் காலால் உதைத்தான். மூன்று உதை. ஒவ்வொரு உதைக்கும் கட்டைகள் அழுந்திச் சுரங்கள் எழுந்தன, மெல்லிசாக, ஒரே அளவாக. இரண்டாவது உதையோடு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. அவள் போட்ட கூச்சலில் மெலனிகூட ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

அதோடு அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முனைவீட்டு நோட்டரியின் நிலவறையில் ஒயின் இருக்கிறது என்று யாரோ சொன்னான். இறங்கிப்போனார்கள். கடைசியாகப் போனவன் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனான். உடைந்த கதவு, அது சாத்தவில்லை.

கமீல் மட்டும் முழங்காலால் நகர்ந்து வந்தான். அவள் கீழே உட்கார்ந்து, வலது கையை மடியில் கிடத்தியிருந்தாள், அது யாருடையதோ மாதிரி.

"கட்டுப்போடணும், மேடம். குச்சி ஏதாவது, ரெண்டு பலகைத் துண்டு..."

"மேஜை டிராயர்ல இருக்கு," என்றாள். "கீழ் டிராயர். கட்டுறதுக்குத் துணியும் அங்கேயே இருக்கு."

அவன் போய் இழுத்தான். உள்ளே இரண்டு ஸ்பினெட் குச்சிகள். அவனே சீவிய இறகுமுள் அவற்றில் இன்னும் இருந்தது. சுற்றிலும் ஒரு கைக்குட்டைக் கிழிசல், பழுப்பேறிப்போன ரத்தக் கறை. ஓரத்தில் பூவேலை செய்த இரண்டு ஜெர்மன் எழுத்து, கீழே கழுகுச் சின்னம். கமீல் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு வந்து அவளுடைய கையைத் தூக்கிப் பார்த்தான். வீங்கி, கிழிந்து, ரத்தம் கசிந்த இரண்டு விரல்களுக்குப் பக்கத்தில் மூன்றாவது மட்டும் வளைந்த கொக்கியாக, புதுக்காயம் ஒன்றும் இல்லாமல் நின்றது.

"இது எப்போ?" என்றான்.

"நீ பண்ணைக்குப் போயி ரெண்டு மாசம் கழிச்சு. பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்களே, அன்னிக்கு."

"அப்படின்னா கொலோன்ல..."

"நான் இல்லை."

கமீலின் உதடு கோணியது. "கையைத் திறந்து காட்டியிருக்கலாமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மேடம்! நான் ஒரு மடையன், இறகைக் கேட்டுட்டு ஆளைக் கேட்டதா நினைச்ச மடையன். நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?"

"கடைசிப் பக்கத்துத் துடிப்பை எந்த விரலால வாசிச்சேன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"இல்லை."

"ஒரு இடத்துலகூட சந்தேகம் வரலையா?"

"வரலை."

உடைந்த மூக்கோடு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, உடம்பு முழுக்கக் குலுங்கியது. கமீல் அவளைத் தொடவும் தெரியாமல் விடவும் தெரியாமல் அந்தக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுது முடிந்ததும் அவள் இடது கையை ஊன்றி எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூடிப்பலகையை ஒதுக்கிவிட்டு இடது கையால் மட்டும் சக்கோனின் முதல் பக்கத்தை ஆரம்பித்தாள். மேல் சுரங்கள் வரவேண்டிய இடமெல்லாம் காலியாக இருந்தது. நாலைந்து கட்டைகள் உடைந்திருந்ததால் கீழேயும் ஓட்டை.

கமீல் பழக்கத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான்.

"கண்ணைத் திற," என்றாள் லியோந்தின். "இந்தத் தடவை பாத்துக்கிட்டே கேளு."

அவன் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாள்.